ஏசி பாதியில் நின்றுவிடுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

தென்சென்னையில் 17 ஆண்டுகளாக வீட்டு ஏசிகளைப் பழுது பார்த்து வருகிறேன். மார்ச் கடைசியில் தொடங்கி அக்னி நட்சத்திரம் முடியும்வரை வருகிற அழைப்புகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும்: "நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. வந்து போட்டுவிடுங்கள்." ஏசியில் கேஸ் தீர்வதில்லை. அது அடுப்பு சிலிண்டர் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கசிந்தால்தான் குறையும். அப்படிக் குறைந்த ஏசியும் பெரும்பாலும் நிற்பதில்லை. குளிர்ச்சியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே "நின்றுவிடுகிறது" என்ற புகாருக்கு முதலில் கேஸைச் சந்தேகிப்பது, காய்ச்சல் என்றதும் நேராக அறுவை சிகிச்சைக்குப் போவது போல.

கீழே இருப்பது வீட்டில் சுவரில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏசிக்கு. விண்டோ ஏசிக்கும் பெரும்பாலானவை பொருந்தும். செலவில்லாத காரணத்திலிருந்து செலவு கூடிய காரணத்துக்குப் போகிற வரிசையில் எழுதியிருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

## முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

திருவான்மியூரில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நான் போனதும் நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தைக் கையில் கொடுத்தார். பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார்: "11.10 போட்டேன். 11.32 வெளியே சத்தம் நின்றது. உள்ளே காற்று வந்தது, குளிர் இல்லை. 12.15 மறுபடி சத்தம். 12.27 நின்றது." அதைப் படித்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டது. கம்ப்ரஸர் (வெளிப்பெட்டியில் இருந்து கேஸை அழுத்திச் சுற்றவிடும் இயந்திரம்) சூடேறி நிற்கிறது, ஆறியதும் கிளம்புகிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் சூடேறுகிறது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் அவுட்டோர் எனப்படும் அந்த வெளிப்பெட்டியின் விசிறி சுற்றாமல் நின்றுகொண்டிருந்தது. "தம்பி, நான் இதை எழுதி வைத்தது தப்பில்லையே?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் என் பெட்ரோல் செலவு பாதியாகிவிடும் அம்மா என்றேன்.

நீங்களும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்றது எது, அறைக்குள் இருக்கும் இண்டோரும் சேர்ந்தா அல்லது அவுட்டோர் மட்டுமா? போட்டு எத்தனை நிமிடத்தில் நின்றது? தானாகத் திரும்பி வந்ததா, வந்தது என்றால் எவ்வளவு நேரம் கழித்து? நிற்கும்போது இண்டோரில் ஏதேனும் விளக்கு மினுக்கியதா, எண் காட்டியதா?

ஓர் எச்சரிக்கை. மின்சாரம் போய் வந்தாலும், ரிமோட்டில் அணைத்து உடனே போட்டாலும், கம்ப்ரஸர் ஏறத்தாழ 3 நிமிடம் காத்திருந்துதான் கிளம்பும். அது கோளாறு அல்ல, காப்பு. அந்த மூன்று நிமிடத்தில் பொறுமையிழந்து சுவிட்சைத் தட்டித் தட்டிப் போடுகிறவர்கள்தான் ஏசிக்குள் இருக்கும் நல்ல எலக்ட்ரானிக் போர்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

## அறிகுறி 1: அவுட்டோர் மட்டும் நிற்கிறது, உள்ளே காற்று வருகிறது

அறை குளிர்ந்திருந்தால் கவலை வேண்டாம். நீங்கள் கேட்ட வெப்பநிலை வந்துவிட்டது, கம்ப்ரஸர் ஓய்வெடுக்கிறது. ரிமோட்டில் இரண்டு மூன்று டிகிரி குறைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் அவுட்டோர் கிளம்பினால் பழுதே இல்லை. 2020 ஜனவரிக்குப் பிறகு நட்சத்திர முத்திரையோடு விற்பனைக்கு வந்த ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கும். பழைய ஏசியில் 18 வைத்துப் பழகியவர்கள் புதியதை வாங்கிய வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, "அடிக்கடி நின்றுவிடுகிறது" என்பார்கள். அது அதன் வேலையைச் செய்கிறது.

அறை வெந்துகொண்டிருக்க, அவுட்டோர் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றால் ஏசிக்கு அறை குளிர்ந்துவிட்டதாகத் தவறான தகவல் போகிறது. வரிசையாகப் பாருங்கள்.

ரிமோட் எங்கே இருக்கிறது? சில ஏசிகளில் ரிமோட் இருக்கும் இடத்தின் வெப்பநிலையைப் பார்த்து ஓடும் வசதி உண்டு. அது தெரியாமல் ஆன் ஆகியிருக்கும். ரிமோட்டோ ஏசிக்கு நேர் கீழே, குளிர்காற்று கொட்டுகிற மேசையில் கிடக்கும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிப் போடுங்கள். பெரும்பாலான ரிமோட்டுகளில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

காற்று திரும்பி உள்ளே போகிறதா? திரைச்சீலை, ஏசிக்கு மிக அருகில் இருக்கும் பரண், மேலே அடுக்கிய அட்டைப்பெட்டி ஆகியவை குளிர்காற்றை அப்படியே ஏசிக்குள் திருப்பிவிடும். அது தன் குளிரைத் தானே குடித்துவிட்டு நின்றுவிடும்.

சமீபத்தில் சர்வீஸ் நடந்ததா? ஆம் என்றால் இதைக் கவனியுங்கள், நான் அடிக்கடி பார்க்கிற பிழை இது. இண்டோரின் முன்மூடியைத் தூக்கினால், ஃபில்டருக்குப் பின்னால், பெரும்பாலும் வலது பக்கத்தில், மெல்லிய ஒயரின் நுனியில் ஒரு சின்ன மணி போல ஒன்று பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்கும். அதுதான் அறையின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார். தண்ணீர் அடித்துக் கழுவிய அவசரத்தில் அதைக் கிளிப்பில் மாட்டாமல் விட்டுவிட்டால், அது சரிந்துபோய், காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதியான காயிலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அறை 32 டிகிரியில் இருக்க, அது 15 என்று சொல்லும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதைக் காயிலிலிருந்து விலக்கிக் கிளிப்பில் நிறுத்துங்கள். ஒரு காசு செலவில்லாமல் சரியாகிவிடும். எனக்கு முன்னால் வந்த ஒருவர் இதற்குப் போர்டு மாற்ற வேண்டும் என்று 6,000 ரூபாய் கேட்டிருந்த வீடும் உண்டு.

சென்சார் அதன் இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் இதே தொல்லை என்றால் சென்சாரே கெட்டிருக்கலாம். மெக்கானிக் அதைக் கழற்றி மீட்டரில் ஓம் பார்ப்பார். கைக்குள் பொத்திப் பிடித்தால் எண் மளமளவென்று குறைய வேண்டும். அசையாமல் நின்றால் மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய் வேலை.

## அறிகுறி 2: தினமும் ஒரே நேரத்தில் அணைகிறது

டைமர். ரிமோட்டின் திரையில் கடிகாரப் படமோ மணி எண்ணோ தெரிகிறதா என்று பாருங்கள். போட்ட நேரம் எதுவானாலும் அதிலிருந்து சரியாக ஐந்து மணி நேரம் அல்லது எட்டு மணி நேரம் கழித்து அணைந்தால் ஸ்லீப் வசதி. வீட்டில் ரிமோட்டைப் பொம்மையாக வைத்து விளையாடும் வயதில் யாராவது இருந்தால் இதற்கு மேல் தேட வேண்டாம்.

இரவு பத்தரை, பதினொன்று என்று ஊரே ஏசி போடும் வேளையில் மட்டும் அணைகிறது, நிமிடம் முன்னே பின்னே இருக்கிறது என்றால் அது டைமர் அல்ல. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: முழு ஏசியும் செத்துப்போகிறது, சில நிமிடத்தில் தானே உயிர் வருகிறது

இண்டோர் விளக்கும் அணைந்துவிடுகிறது என்றால் ஏசியை விட்டுவிட்டு, ஏசிக்கு வருகிற மின்சாரத்தைப் பாருங்கள்.

ஸ்டெபிலைசர் இருந்தால் அணைகிற நேரத்தில் அதன் முகத்தைப் பாருங்கள். உள்ளே வரும் வோல்ட் 170க்கோ 160க்கோ கீழே இறங்கினால் பெரும்பாலானவை தாமாகத் தொடர்பை வெட்டிவிடும். மின்னழுத்தம் ஏறியதும் மூன்று நிமிடம் காத்துவிட்டுத் தரும். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வோல்ட் இறங்கிய அந்த வாரம் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ஸ்டெபிலைசர் முகத்தைப் பார்த்ததோடு முடிந்துவிட்டன. ஏசியின் மூடியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

மும்முனை இணைப்புள்ள வீடு என்றால், மூன்று ஃபேஸிலும் வோல்ட் எவ்வளவு என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு இரவு நேரத்திலேயே அளக்கச் சொல்லுங்கள். பகலில் அளந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஏசி இருக்கும் ஃபேஸில் 185, பக்கத்து ஃபேஸில் 225 என்றால் ஏசியை அங்கே மாற்றிவிடலாம். மூன்றிலுமே குறைவு என்றால் வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987இல் புகார் பதிந்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் பதிந்தால் வேலை கொஞ்சம் வேகமாக நகரும்.

வெளியே 220 இருக்கிறது, ஆனாலும் ஸ்டெபிலைசர் வெட்டுகிறது என்றால் அது சிறியதாக இருக்கலாம், அல்லது கிழடாகிவிட்டிருக்கலாம். ஒன்றரை டன் ஏசிக்கு 4 கேவிஏ வேண்டும். ஃபிரிட்ஜுக்கு வாங்கியதை ஏசிக்கு மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெபிலைசர் இல்லை, அல்லது அதில் தவறில்லை என்றால் பிளக்கைப் பாருங்கள். ஏசியை அரை மணி ஓடவிட்டு, பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் உடலைத் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை, சாக்கெட் துளையைச் சுற்றி பழுப்போ கறுப்போ வளையம் என்றால் அன்றிலிருந்து அந்தச் சாக்கெட்டில் ஏசி ஓட்டாதீர்கள். உள்ளே திருகு தளர்ந்து, பித்தளை நாக்கு விரிந்துபோயிருக்கும். சூடேறும்போது தொடர்பு விட்டு, ஆறும்போது ஒட்டும். சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் எரிக்கும். சுவருக்குள் வரும் ஒயர் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து தூரம் அதிகம் என்றால் 4.

ஏசி கிளம்பும்போது வீட்டு விளக்குகளில் சில மங்கி, சில பளிச்சென்று கூடுதலாக எரிந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள். மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மும்முனை வீட்டில் அது முழுவதும் விட்டுப்போனால் 230 வரவேண்டிய இடத்தில் 350, 400 வரும். டிவி, ஃபிரிட்ஜ், ஏசி போர்டு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது

போட்ட நொடியிலேயே விழுந்தால்: ஒரே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் நிறுத்திவிடுங்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது: எலி கடித்த ஒயர், அவுட்டோர் முனையில் செத்துக்கிடக்கும் பல்லி, இல்லையென்றால் கம்ப்ரஸருக்குள் இருக்கும் மோட்டாரின் கம்பிச் சுருளே. முதல் இரண்டும் சில நூறு ரூபாய், மூன்றாவது பத்தாயிரத்தைத் தாண்டும். எது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. விழ விழத் தூக்கிப் போட்டால் நூறு ரூபாய்ப் பிழை பத்தாயிரமாகிவிடும்.

மூன்று நிமிடம் கழித்து, அவுட்டோர் கிளம்பும் கணத்தில் விழுந்தால்: பழைய மாடல் ஏசியின் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கும். அதைத் தாங்க 'சி' வகை எம்சிபி வேண்டும். விளக்குகளுக்குப் போடும் 'பி' வகை இருந்தால் விழும். எம்சிபியின் முகத்தில் எண்ணுக்கு முன்னால் அந்த எழுத்து அச்சிட்டிருக்கும். அது சரியாக இருந்தும் விழுந்தால் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம்; அதை அறிகுறி 5இல் சொல்கிறேன்.

இருபது நிமிடம், அரை மணி ஓடிவிட்டு விழுந்தால்: ஒன்றரை டன் ஏசி ஓடும்போது எடுப்பது 7 அல்லது 8 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழவே கூடாது. விழுகிறது என்றால் அதே வரியில் கீசரோ இஸ்திரிப்பெட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எம்சிபியின் திருகு தளர்ந்து அங்கேயே சூடாகிறது. எலக்ட்ரீஷியன் ஒரு திருப்புளியால் முடிக்கிற வேலை. "16ஐ எடுத்துவிட்டு 32 போட்டுவிடலாம், விழாது" என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எம்சிபி விழாது, சுவருக்குள் ஒயர் எரியும்.

எம்சிபி நிற்கிறது, மின்கசிவைக் கண்டால் அணையும் ஈஎல்சிபி அல்லது ஆர்சிசிபி விழுகிறது என்றால்: மின்சாரம் ஏசியின் உடம்புக்குக் கசிகிறது. அவுட்டோரைக் கழுவிய மறுநாளோ அடைமழைக்குப் பிறகோ என்றால் ஈரம்; ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகும் விழுந்தால் மெக்கானிக் வந்துதான் ஆக வேண்டும். அதுவரை ஏசியை ஓட்டுவதற்காக அந்தக் காப்பைத் துண்டித்து நேரடியாக இணைப்பது கொலைக்குச் சமம். மென்மையாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

## அறிகுறி 5: பத்து இருபது நிமிடம் ஓடுகிறது, அவுட்டோர் நிற்கிறது, அரை மணி கழித்து வருகிறது

கோடையில் நான் பார்க்கும் வேலைகளில் பெரும்பகுதி இதுதான். கம்ப்ரஸரின் தலையில் ஒரு காப்பு இருக்கிறது. உடல் அளவுக்கு மீறிச் சூடானால் அது வெட்டிவிடும். ஆறியபிறகு சேர்க்கும். ஆற அரை மணியோ ஒரு மணியோ ஆகும். மதியத்தில் அதிகமாகவும் விடியற்காலையில் இல்லாமலும் இருந்தால் இந்த அறிகுறி உறுதி. ஏன் சூடாகிறது என்பதுதான் கேள்வி.

அவுட்டோருக்கு மூச்சு இருக்கிறதா? மொட்டை மாடியிலோ பால்கனியிலோ எட்டிப் பாருங்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். முன்பக்கம், சூடான காற்று போகும் திசை, திறந்தவெளியாக இருக்க வேண்டும். புதிய அடுக்ககங்களில் நாலு வீட்டு அவுட்டோர்களை ஒரு குறுகிய சந்துக்குள் எதிரெதிராக மாட்டிவைக்கிறார்கள். ஒன்று கக்கும் வெப்பத்தை இன்னொன்று விழுங்கும். அங்கே எந்த மெக்கானிக் வந்தாலும் பாதித் தீர்வுதான். மழைக்கு மூடிய பாலிதீன், காயப்போட்ட போர்வை, வெயில் படாதிருக்க அடித்த தகரப் பெட்டி இவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள். நிழல் நல்லது, பெட்டி கெட்டது.

முதுகு அடைத்திருக்கிறதா? பின்புறத் தகடுகளில் தூசி ஒரு கம்பளம் போலப் படிந்திருக்கும். புறா இருக்கும் இடத்தில் எச்சமும் இறகும் கூடும். எளிய சோதனை ஒன்று: மெயினை அணைத்துவிடுங்கள். கை எட்டும் இடத்தில், கால் ஊன்றி நிற்க இடம் இருந்தால் மட்டும், தோட்டக் குழாயில் மெல்லிய நீராகப் பின்புறத் தகடுகளில் மேலிருந்து கீழாக விடுங்கள். மின் இணைப்பு இருக்கும் பக்கவாட்டு மூடியில் படக்கூடாது. அழுத்திப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். அரை மணி வடியவிட்டு ஏசியைப் போடுங்கள். இருபது நிமிடத்தில் நின்றது இரண்டு மணி நேரம் ஓடினால் கோளாறு அழுக்குதான். முழு சர்வீஸ் செய்தால் முடிந்தது.

பெசன்ட் நகர், நீலாங்கரை, கொட்டிவாக்கம் போலக் கடலோர வீடுகளில் நான் தகடுகளைத் தொட்டுப் பார்ப்பேன். அலுமினியம் விரலில் வெள்ளைப் பொடியாக ஒட்டும். சில இடங்களில் தண்ணீர் பட்டதும் தகடு உதிர்ந்து, உள்ளே செம்புக் குழாய் மட்டும் விலா எலும்பு போலத் தெரியும். அதைக் கழுவிப் பயனில்லை. காயிலை மாற்ற வேண்டும். ஏசிக்கு ஏழெட்டு வயதாகியிருந்தால் அந்தப் பணத்தைப் புதிய ஏசிக்கு வையுங்கள் என்பேன்.

அவுட்டோர் விசிறி சுற்றுகிறதா? கம்ப்ரஸரின் உறுமல் கேட்கிறது, விசிறி நிற்கிறது, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் உடனே அணையுங்கள். குச்சியை விட்டுத் தள்ளிவிட்டு, "சுற்றிவிட்டது" என்று மகிழாதீர்கள். விரல் போன கதைகள் எனக்குத் தெரியும். விசிறியின் சிறிய கெபாசிட்டர் போயிருந்தால் மலிவில் முடியும். மோட்டார் போயிருந்தால் சென்னையில் இப்போது ஏறத்தாழ 2,000 முதல் 3,500 வரை. தலைமையாசிரியை வீட்டில் மோட்டாரின் பேரிங் இறுகிப்போயிருந்தது.

கிளம்பும்போது "ம்ம்ம்" என்று சில நொடி முனகிவிட்டு "டக்" என்ற சத்தத்தோடு அடங்குகிறதா? பழைய, இன்வெர்ட்டர் அல்லாத (கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும்) ஏசியில் இது கெபாசிட்டரின் குரல். அவுட்டோருக்குள் இருக்கும் அலுமினிய உருளை அது. வெயிலில் காய்ந்து காய்ந்து சக்தி குறையும். சில சமயம் தலை உப்பி, பார்த்தவுடனே தெரியும். 45 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டது மீட்டரில் 40க்குக் கீழே காட்டினால் மாற்றிவிட வேண்டும். கூலியோடு 500, 700க்குள் முடிகிற வேலை. ஆனால் அதை நீங்கள் தொடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் மிச்சமிருக்கும்.

இங்கே ஒரு தகவல். இன்வெர்ட்டர் ஏசியின் கம்ப்ரஸருக்கு இந்த உருளை கிடையாது. "இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் கெபாசிட்டர் மாற்றினேன்" என்று ரசீது வந்தால், மாற்றிய பழைய பொருளைக் காட்டச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நின்றால் மிச்சம் இருப்பவை வீட்டுக்காரர் பார்க்க முடியாதவை. முன்பு வந்தவர் கேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருக்கலாம். குழாயில் அடைப்பு இருக்கலாம். கம்ப்ரஸரே தேய்ந்து அதிக ஆம்பியர் இழுக்கலாம். மெக்கானிக் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி, அவுட்டோரின் பெயர்ப்பலகையில் அச்சிட்ட ஆம்பியரோடு ஒப்பிட வேண்டும். அப்படி அளக்காமல் "கம்ப்ரஸர் போச்சு" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். கம்ப்ரஸருக்கு மட்டும் ஐந்து, பத்து ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் பல. பில்லைத் தேடி எடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். ஆனால் பொருள் இலவசமாக வந்தாலும் கேஸுக்கும் கூலிக்கும் பணம் கேட்பார்கள்.

## அறிகுறி 6: காற்று மெலிந்துகொண்டே போய் நிற்கிறது, உள்ளே பனி

முன்மூடியைத் தூக்கினால் காயிலில் வெள்ளையாகப் பனி படர்ந்திருக்கும். அணைத்ததும் தரையெல்லாம் தண்ணீர். குச்சியாலோ கத்தியாலோ பனியைச் சுரண்டாதீர்கள். காயில் குழாயின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இராது. குளிரூட்டலை நிறுத்தி விசிறி மட்டும் ஓடும்படி வைத்து, கீழே ஒரு பழைய துண்டை விரித்து, இரண்டு மூன்று மணி நேரம் உருகவிடுங்கள்.

உருகியதும் ஃபில்டரைக் கழுவுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். பிறகு 24இல் வைத்து ஓட்டுங்கள். பனி திரும்பவில்லை என்றால் பிழை ஃபில்டரில்தான் இருந்தது. கழுவியும் திரும்பினால் இண்டோரில் காற்றைத் தள்ளும் ப்ளோயரைப் பாருங்கள்: காற்று வெளிவரும் வாய்க்குள் டார்ச் அடித்தால் உருளையின் ஒவ்வோர் இறகிலும் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருக்கும். சமையலறையை ஒட்டிய அறைகளில் இது நிச்சயம். அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். மேலாகத் தண்ணீர் அடித்துவிட்டுப் போவது சர்வீஸ் ஆகாது.

காற்று நன்றாகவே வருகிறது, ஆனாலும் பனி என்றால் இப்போதுதான் கேஸைப் பற்றிப் பேசலாம். அவுட்டோரில் சேரும் இரண்டு குழாய்களில் மெல்லியதைப் பாருங்கள். அதன் மூட்டில் வெள்ளையாகப் பனி கட்டியிருந்தால் கேஸ் குறைவு. மூட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் கசிவது அங்கேதான். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும்.

கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த கோடைக்குள் மறுபடி செலவு. கசிவை அடைத்து, நைட்ரஜனில் அழுத்தம் பார்த்து, வேக்குவம் போட்டு (குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), பெயர்ப்பலகையில் எழுதிய கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்றுவதுதான் முறை. 3,000 முதல் 4,500 வரை ஆகும். இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர் 32 என்ற கேஸ், அது தீப்பிடிக்கக்கூடியது. சிலவற்றில் இருக்கும் ஆர் 290 இன்னும் எளிதில் பற்றும். வேலை நடக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், பூஜையறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி 7: விளக்கு மினுக்குகிறது, எழுத்தும் எண்ணும் காட்டிவிட்டு நிற்கிறது

இன்வெர்ட்டர் ஏசிகள் தம் நோயைத் தாமே சொல்லும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மொழி. ஒன்றில் சென்சார் கோளாறைக் குறிக்கும் அதே எழுத்து இன்னொன்றில் விசிறிக் கோளாறு. ஆகவே கையேட்டில் பாருங்கள். விளக்கு மட்டும் என்றால் எத்தனை முறை மினுக்கி இடைவெளி விடுகிறது என்று எண்ணுங்கள், கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். மெயினை அணைத்தவுடன் அந்தச் சாட்சி அழிந்துவிடும்.

பிறகு ஒரே ஒரு முறை மெயினை அணைத்து, பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். மின்னல், மின்வெட்டு காரணமாகக் குழம்பிய போர்டு இதில் தெளிந்துவிடும். மறுபடி அதே எண் வந்தால் மெக்கானிக்.

அவர் வந்ததும் போர்டு என்று தொடங்கினால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இண்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவில் ஒயரில் ஒட்டு இருக்கிறதா, பார்த்தீர்களா?" இரண்டும் பேசிக்கொள்ள முடியவில்லை என்று எண் காட்டும் ஏசிகளில் போர்டைவிட இந்த ஒட்டுதான் எனக்கு அதிகம் அகப்பட்டிருக்கிறது. பொருத்தும்போது ஒயர் நீளம் போதாமல் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். வெட்டி எறிந்து முழு ஒயர் போட்டால் சரி. போர்டு என்றால் மாடலைப் பொறுத்து 5,000இல் தொடங்கி 15,000 வரை போகும்.

அவுட்டோர் போர்டில் எறும்புக் கூடும் பல்லியும் சகஜம். ஆனால் நீங்களாகத் திறந்து சுத்தம் செய்ய முயல வேண்டாம். இன்வெர்ட்டர் போர்டில் மெயினை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

## எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது

கருகிய வாடை, இரண்டாம் முறையும் விழுந்த எம்சிபி, தொட்டால் விறுவிறுவென்று இழுக்கும் ஏசியின் உடல், சுற்றாத அவுட்டோர் விசிறி. இந்த நான்கில் ஒன்று இருந்தால் ஏசியை அணைத்தே வையுங்கள். ஒரு ராத்திரி புழுக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

அழைக்கும்போது மாடல், டன், இன்வெர்ட்டரா இல்லையா, வாங்கிய ஆண்டு, நீங்கள் குறித்து வைத்த நேரங்கள், எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். சரியான பொருளைக் கையோடு கொண்டுவருவார். அவுட்டோர் எந்த மாடியில், எப்படி எட்ட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மூன்றாம் மாடிச் சுவரில் சன்ஷேடுக்கு அப்பால் தொங்கினால் அவர் கயிறும் பெல்ட்டும் இன்னொரு ஆளும் கொண்டுவர வேண்டும். அதற்கு 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.